ம்யூனிக் இறுதி ஆட்டம்: இண்டர் பின்வாங்கி நிற்பதா, ஏறிப்போய் மறிப்பதா?

நாளை இரவு ம்யூனிக்கின் அலையன்ஸ் அரீனாவில் சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டம். நம் கடிகாரப்படி 2025 ஜூன் 1, ஞாயிறு அதிகாலை 12.30. பாரிஸ் சான் ஜெர்மனும் இண்டர் மிலானும் மோதுகின்றன.

பி.எஸ்.ஜி. எப்படி ஆடும் என்பதில் புதிர் ஏதும் இல்லை. பந்து காலில் இருந்தால் நடுக்கள வீரர் விட்டின்யாவைச் சுற்றிச் சுற்றிக் கைமாற்றுவார்கள். பறிபோனால் பின்னால் ஓடாமல், பறித்தவன் மேலேயே மூன்று பேர் பாய்வார்கள். இதை எந்த எதிரிக்காகவும் லூயிஸ் என்ரிகே மாற்றியதில்லை, நாளைக்கும் மாற்றமாட்டார். ஆகவே இந்த இறுதி ஆட்டத்தில் உட்கார்ந்து யோசிக்க வேண்டியவர் இண்டர் பயிற்சியாளர் சிமோனே இன்ஸாகிதான். தன் சொந்தப் பெனால்டி பெட்டிக்கு முன்னால் ஐந்து பேரை நிறுத்திக் காத்திருக்கலாம். ஏறிப்போய் ஆளுக்கு ஆள் பிடிக்கலாம். அல்லது பந்தைத் தானே வைத்துக்கொண்டு பி.எஸ்.ஜி.யை வரவழைத்து, அவர்கள் விட்டுவிட்டு வந்த இடத்தில் அடிக்கலாம். மூன்றுக்கும் இந்த சீசனிலேயே சாட்சி இருக்கிறது. எதற்கு எவ்வளவு வலு என்பதுதான் கேள்வி.

இண்டர் என்றாலே பலருக்கு முதல் வழிதான் நினைவுக்கு வரும். 1964, 1965 இரண்டு ஆண்டுகளும் ஐரோப்பியக் கோப்பையைத் தூக்கியது ஹெலேனியோ ஹெரேராவின் பூட்டுப் போட்ட தற்காப்பு. 2010-இல் கேம்ப் நோவில் திய்யாகோ மோட்டா சிவப்பு அட்டை வாங்கிய பிறகு, பத்தே பேரோடு பார்சிலோனாவை ஒரே ஒரு கோலோடு நிறுத்தி இறுதிக்குப் போனது மொரீன்யோவின் அணி. இந்த ஆண்டும் அந்த ரத்தம் வற்றவில்லை. லீக் கட்டத்தின் எட்டு ஆட்டங்களில் இண்டர் வாங்கியது ஒரே ஒரு கோல். மான்செஸ்டர் சிட்டி மைதானத்தில் 0-0, சொந்த மைதானமான சான் சீரோவில் ஆர்சனலுக்கு எதிராக 1-0. ஆர்சனல் ஆட்டத்தில் இரண்டாம் பாதி முழுக்கப் பந்து இண்டர் பெட்டியைச் சுற்றியே இருந்தது, ஆனாலும் உள்ளே போகவில்லை.

பி.எஸ்.ஜி.க்கு எதிராகவும் இந்த வழி பலித்திருக்கிறது. மார்ச்சில் பாரிஸில் நடந்த ஆட்டத்தில் பி.எஸ்.ஜி. கோலை நோக்கி அடித்தது 27 முறை, லிவர்பூல் அடித்தது இரண்டே முறை. 87-ஆவது நிமிடத்தில் ஹார்வி எலியட் அடித்த கோலில் லிவர்பூல் 1-0 என்று வென்றது. நவம்பரில் அத்லெட்டிகோ மாட்ரிட்டும் அதே மைதானத்தில் பொறுத்திருந்து, 90 நிமிடம் முடிந்து சேர்க்கப்பட்ட நிமிடங்களில் கொரேயா அடித்த கோலில் 2-1 என்று பறித்துக்கொண்டு போனது.

காகிதத்தில் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் லிவர்பூலின் அந்த வெற்றியை ஒரு திட்டம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர்களுடைய கோல்கீப்பர் அலிசன் ஒன்பது முறை தடுத்தார், அவ்வளவுதான். அடுத்த வாரமே லிவர்பூலின் ஆன்ஃபீல்டில் பி.எஸ்.ஜி. கணக்கைச் சமன் செய்து, பெனால்டியில் 4-1 என்று முடித்துவிட்டது.

அதைவிட எனக்கு உறுத்துவது வேறு ஒன்று. பின்வாங்கி நிற்கும் திட்டம் முழுக்க ஒரே அனுமானத்தின் மேல் நிற்கிறது: முதல் அரை மணி நேரம் 0-0 ஆகவே கழியும், எதிரி பொறுமை இழப்பான். பி.எஸ்.ஜி. இந்த நாக்அவுட் சுற்றுகளில் இங்கிலாந்துக்குப் போன மூன்று முறையும் என்ன நடந்தது என்று பாருங்கள். ஆன்ஃபீல்டில் 12-ஆவது நிமிடம் டெம்பேலே கோல். வில்லா பார்க்கில் 11-ஆவது நிமிடம் ஹக்கிமி கோல். ஆர்சனலின் எமிரேட்ஸில் 4-ஆவது நிமிடம் மறுபடி டெம்பேலே. மூன்று மைதானங்களிலும் கூட்டம் உட்காருவதற்குள் அடித்துவிட்டார்கள். இது தற்செயல் இல்லை. ஆட்டம் தொடங்கிய வேகத்தில் எதிரி தன் ஆட்களை இன்னும் கண்ணால் தேடிக்கொண்டிருக்கும்போது பாய்வது அவர்களுடைய பழக்கம்.

இப்போது இண்டர் பக்கம் வாருங்கள். இந்த சாம்பியன்ஸ் லீக்கில் அவர்கள் பின்தங்கியது மொத்தம் மூன்றே முறை. லெவர்குசனில் 90-ஆவது நிமிடக் கோல். பயர்னுடன் சான் சீரோவில் ஹாரி கேன் அடித்த பிறகு ஆறு நிமிடம். பார்சிலோனாவுடன் ரஃபின்யாவின் 87-ஆவது நிமிடக் கோலிலிருந்து அச்செர்பி சமன் செய்யும் வரை. எல்லாம் சேர்த்தாலும் இருபது நிமிடம் வராது. பெருமைதான். ஆனால் இதையே திருப்பிப் பார்த்தால், ஆட்டத்தின் தொடக்கத்திலேயே ஒரு கோல் வாங்கிவிட்டு மீதி நேரம் முழுக்க துரத்த வேண்டிய நிலை இந்த அணிக்கு இந்தப் போட்டியில் வந்ததே இல்லை. ஐந்து பேரை வரிசை கட்டி நிறுத்தியிருக்கும்போது 10-ஆவது நிமிடம் கோல் விழுந்தால், அந்த வரிசையை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

2010-ஐ மேற்கோள் காட்டுகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். கேம்ப் நோவில் மொரீன்யோ பேருந்தை நிறுத்தியதுபோல் எல்லாரையும் பின்னால் அடைத்தபோது கையில் 3-1 முன்னிலை இருந்தது. அந்த முன்னிலை வந்தது சான் சீரோவில், பெட்ரோவிடம் முதல் கோலை வாங்கிவிட்டு ஏறிப்போய் மூன்று அடித்ததால். வீட்டுக்குள் பொருள் வந்த பிறகுதான் பூட்டுக்கு வேலை.

ஏறிப்போய் மறிப்பதை இன்ஸாகிக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. 2023-இல் இஸ்தான்புல் இறுதி ஆட்டத்தில் மான்செஸ்டர் சிட்டியை அவர் அப்படித்தான் திணறடித்தார். ஆளுக்கு ஆள் பிடித்ததில் சிட்டி தன் வழக்கமான ஆட்டத்தை ஆடவே முடியவில்லை. ரோட்ரி அடித்த ஒற்றைக் கோலில் கோப்பை போனது உண்மைதான், ஆனால் டிமார்கோவின் தலையடி கம்பத்தில் பட்டுத் திரும்பியதையும் லுகாகு தவறவிட்ட வாய்ப்பையும் பார்த்தவர்கள் அன்று சிட்டிதான் தப்பித்தது என்பார்கள்.

பி.எஸ்.ஜி. மேல் இதைச் செய்ய இண்டரின் முன்வரிசை லவுட்டாரோவும் துராமும் பின்வரிசை மார்க்கின்யோஸ், பாச்சோ இருவரையும் பிடிக்க வேண்டும். நடுவில் மூவர் விட்டின்யா, நெவிஸ், ஃபாபியன் ரூயிஸ் மேல். இரண்டு விங் பேக்குகளும் ஹக்கிமி, நூனோ மென்டிஸை நோக்கி ஏற வேண்டும். பி.எஸ்.ஜி. கோல்கீப்பர் டொன்னாரும்மா வலைக்குள் மலை. ஆனால் காலில் பந்து வந்து எதிரே ஒருவன் ஓடி வந்தால் அவர் அவ்வளவு நிதானமானவர் இல்லை. அவரை நீளமாக உதைக்க வைத்துவிட்டாலே பாதி வெற்றி. வானத்தில் வரும் பந்துக்கு இண்டரின் பின்வரிசை அச்செர்பியும் பஸ்தோனியும் அஞ்ச மாட்டார்கள். பி.எஸ்.ஜி.யின் முன்வரிசையில் தலையால் ஆடுகிறவர் யாரும் இல்லை.

ஆஸ்டன் வில்லா ஆட்டமும் இங்கே நினைவுக்கு வருகிறது. மொத்தக் கணக்கில் 5-1 என்று முடிந்துபோனதுபோல் இருந்த ஆட்டம். அதன் பிறகு வில்லா வெறித்தனமாக ஏறி ஓடியதில் மூன்று கோல் விழுந்தது, பி.எஸ்.ஜி.யின் கையும் காலும் ஆடிப்போயின. டொன்னாரும்மா மட்டும் இல்லாவிட்டால் கதை மாறியிருக்கும். அவர்களையும் அச்சப்படுத்த முடியும் என்று இந்த வசந்தத்தில் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

சரி, இதன் விலை என்ன? எல்லாரும் ஏறிவிட்டால் பின்னால் மூன்று சென்டர் பேக்குகள், எதிரே டூயே, டெம்பேலே, குவாரட்ஸ்கேலியா. மூவருக்கு மூவர், பின்னால் அரை மைதானம் காலி.

டெம்பேலேயைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் எந்த வழியை எடுத்தாலும் இந்தச் சிக்கல் வரும். விங்கில் ஓடிக்கொண்டிருந்தவரை என்ரிகே நடுவுக்குக் கொண்டுவந்த பிறகு, இந்த சீசனில் 30-க்கு மேல் கோல் அடித்திருக்கிறார். ஆனால் அவர் சென்டர் ஃபார்வர்டு இடத்தில் நிற்பதே இல்லை. நடு மைதானத்துக்கு இறங்கி வந்து பந்தை வாங்குவார், திரும்புவார், அவர் விட்டுவந்த இடத்துக்கு நெவிஸோ ஹக்கிமியோ ஓடுவார்கள். எமிரேட்ஸில் அந்த 4-ஆவது நிமிடக் கோலும் அப்படி இறங்கி வந்து தொடங்கி, குவாரட்ஸ்கேலியா வழியாகத் திரும்பி அவரிடமே வந்ததுதான். அச்செர்பிக்கு வயது 37. இஸ்தான்புல்லில் சிட்டியின் ஹாலண்டை அவர் அடக்கிய விதத்தை இத்தாலியில் இன்னும் பேசுகிறார்கள். ஹாலண்ட் பக்கத்தில் நிற்கும் ஆள், அச்செர்பி ஒட்டி நிற்கும் ஆள், இருவருக்கும் பொருத்தம். டெம்பேலே பின்னால் அவர் நடு மைதானம் வரை ஓடினால் முதுகுக்குப் பின் ஓட்டை. ஓடாமல் நின்றால் நடுவில் பி.எஸ்.ஜி.க்கு நாலாவது ஆள். நான் இன்ஸாகியாக இருந்தால் அச்செர்பியை நகர விடமாட்டேன். இறங்கும் டெம்பேலேயை நடுக்கள வீரர் சல்ஹானோலு எடுத்துக்கொள்ள வேண்டும், விட்டின்யா மேல் துராம் ஒரு கண் வைக்க வேண்டும். அப்படிச் செய்தால் பாச்சோ தனியாக விடப்படுவார். அவர் காலிலிருந்து பந்து தொடங்கட்டும், மற்றவர்களை விட அது தேவலை.

இந்த வழியின் இன்னொரு விலை கால். இண்டரின் கோல்கீப்பர் சொம்மருக்கு வயது 36, மிகித்தார்யன் 36, அச்செர்பி 37, வெளியே காத்திருக்கும் டார்மியன் 35. எதிரே டூயேவுக்கு 19, நெவிஸுக்கு 20. ஏப்ரல் கடைசியில் ஒரே வாரத்தில் இண்டர் போலோன்யா, ஏ.சி. மிலான், ரோமா மூவரிடமும் தொடர்ந்து தோற்றது, ஒரு கோல்கூட அடிக்காமல். இத்தாலிய லீகை நேப்போலியிடம் ஒரே ஒரு புள்ளியில் இழந்தது போன வெள்ளிக்கிழமைதான், கடைசி நாள் வரை இழுத்தது. பி.எஸ்.ஜி. பிரெஞ்சு லீகை ஏப்ரல் 5-ஆம் தேதியே முடித்துவிட்டு ஆட்களை மாற்றி மாற்றி ஓய்வு கொடுத்துக்கொண்டிருந்தது. தொண்ணூறு நிமிடம் ஆளுக்கு ஆள் விரட்டுவது இந்த இண்டரால் ஆகாத காரியம். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மூன்றாவது வழிதான் இண்டருக்கு மிகவும் பழகியது. சொம்மரிடம் பந்து, சல்ஹானோலு இறங்கி வருவார், பஸ்தோனி திடீரென்று விங்குக்கு ஏறுவார், எதிரி ஆசைப்பட்டு முன்னே வந்ததும் நாலு தொடுதலில் மறுமுனை. ஏப்ரல் 8-இல் இதே ம்யூனிக் மைதானத்தில் பயர்னுக்கு எதிராக லவுட்டாரோ அடித்த கோலைத் தேடிப் பாருங்கள். கார்லோஸ் அகஸ்டோ உள்ளே தள்ளியதை துராம் குதிகாலால் வைத்துக்கொடுக்க, லவுட்டாரோ வலது காலின் வெளிப்புறத்தால் அடித்தார். இந்த சீசனின் இண்டர் என்ன என்று கேட்பவருக்கு அந்த ஒரு கோலைக் காட்டினால் போதும். லவுட்டாரோவுக்கு இந்தப் போட்டியில் மொத்தம் ஒன்பது கோல்.

பயர்னிடம் பலித்தது பாரிஸிடம் பலிக்குமா? எனக்கு நம்பிக்கை குறைவு. பயர்னின் விரட்டலில் ஓட்டை இருக்கும், பார்சிலோனாவின் பின்வரிசை நடு மைதானம் வரை ஏறி நிற்கும். பி.எஸ்.ஜி. இரண்டும் இல்லை. டெம்பேலே கோல்கீப்பரை நோக்கி ஓடும்போதே அவர் பக்கத்தில் இருக்கும் வழியை உடம்பால் மறைத்துக்கொண்டு ஓடுவார். பின்னால் மூவரும் தங்கள் ஆளைக் கட்டியிருப்பார்கள். அப்படியே தாண்டி உதைத்தாலும் பாச்சோவுக்கு வேகம் இருக்கிறது. சொந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு தவறு போதும். ஆட்டம் 60 நிமிடத்தைத் தாண்டி, பி.எஸ்.ஜி.யின் கால்களும் களைத்த பிறகு இது ஆயுதமாகலாம். தொடக்கத்தில் தற்கொலை.

எந்த வழியை எடுத்தாலும் கார்னரும் ஃப்ரீகிக்கும் இண்டரின் கையில் இருக்கிற உண்மையான சொத்து. லீக் கட்டத்தில் பி.எஸ்.ஜி. தோற்ற ஆட்டங்களைப் புரட்டினால் இது தெரியும். ஆர்சனலுக்கு எதிராக ஹாவர்ட்ஸ் தலையால் அடித்தது, சாகாவின் ஃப்ரீகிக் யார் தலையிலும் படாமல் உள்ளே போனது, பயர்னில் கார்னரிலிருந்து கிம் மின்-ஜே அடித்தது. முதல் இரண்டில் டொன்னாரும்மாவும், பயர்ன் ஆட்டத்தில் வலையில் நின்ற சஃபோனோவும் உயரப் பந்தைக் கையாள்வதில் தடுமாறினார்கள். விட்டின்யாவும் நெவிஸும் உயரத்தில் சிறியவர்கள். டும்ஃப்ரீஸ், அச்செர்பி, பஸ்தோனி, துராம் என்று இண்டர் ஒரு பட்டாளத்தையே பெட்டிக்குள் இறக்கும். பார்சிலோனாவில் டும்ஃப்ரீஸ் அடித்த இரண்டு கோலுமே கார்னரிலிருந்து வந்தவை. அதனால்தான் சொல்கிறேன், பந்து பி.எஸ்.ஜி.யின் பாதியில் இருக்க வேண்டும். முப்பது மீட்டர் பின்னால் நின்றுகொண்டிருந்தால் கார்னர் எங்கிருந்து வரும்?

இடது பக்கத்தில் இன்ஸாகி எடுக்க வேண்டிய இன்னொரு முடிவை யாரும் அவ்வளவாகப் பேசவில்லை. டிமார்கோவா, கார்லோஸ் அகஸ்டோவா? டிமார்கோவின் இடது கால் இந்த அணியின் சிறந்த கால், கார்னரும் அவர்தான் எடுப்பார். ஆனால் பார்சிலோனாவுடன் இரண்டு ஆட்டத்திலும் யமால் அவரைப் படுத்திய பாட்டில், இரண்டாம் பாதி தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே வெளியே அழைக்க வேண்டியதாயிற்று. இரண்டு முறையும் உள்ளே வந்தவர் கார்லோஸ் அகஸ்டோ. நாளை அந்தப் பக்கம் வருவது டூயே, அவருக்குப் பின்னால் ஹக்கிமி. ஹக்கிமி 2021-இல் இண்டருக்கு லீக் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனவர், இவர்களில் சிலரோடு சேர்ந்து ஆடியவர். இன்ஸாகி டிமார்கோவைத்தான் தொடங்க வைப்பார் என்று நினைக்கிறேன். நான் என்றால் கார்லோஸ் அகஸ்டோவைத் தொடங்க வைத்து, களைத்த ஹக்கிமிக்கு எதிராகக் கடைசி அரை மணி நேரம் டிமார்கோவை இறக்குவேன்.

வலது பக்கம் பவாரின் கணுக்கால் தேறியிருந்தால் அவர், இல்லையென்றால் பிஸ்ஸெக். என்ரிகேவுக்கும் டூயேவா பார்கோலாவா என்று ஒரு கேள்வி உண்டு, ஆனால் அது செல்வந்தர் வீட்டுக் கவலை. உட்கார்ந்திருப்பவரும் இறங்கி ஆட்டத்தை மாற்றுவார். இண்டர் வெளியே பார்த்தால் தாரேமி, அர்னாவுட்டோவிச், ஸலெவ்ஸ்கி. பார்சிலோனாவைக் கூடுதல் நேரத்தில் வீழ்த்திய ஃப்ரட்டேஸி ஒருவர்தான் அச்சுறுத்தக் கூடியவர். ஆட்டம் நீளநீள பலம் பாரிஸ் பக்கம் சாயும். காத்திருப்பதால் இண்டருக்கு லாபமில்லை என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆக என் தேர்வு கலப்புதான், ஆனால் வரிசை முக்கியம். முதல் இருபது நிமிடம் ஏறிப்போய் ஆளுக்கு ஆள். வயதான கால்கள் புத்துணர்ச்சியோடு இருப்பது அப்போதுதான், பி.எஸ்.ஜி. வழக்கமாகக் கோல் தேடுவதும் அப்போதுதான். டொன்னாரும்மாவை நீளமாக உதைக்க வைத்து, இரண்டு மூன்று கார்னராவது வாங்க வேண்டும். பார்சிலோனாவில் துராம் முதல் நிமிடத்திலேயே அடித்தார், 21-ஆவது நிமிடத்தில் இண்டர் 2-0. மிலானில் இடைவேளைக்குள் மறுபடி 2-0. அந்த அணியால் ஆட்டத்தை வேகமாகத் தொடங்க முடியும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். முன்னிலை கிடைத்தால் இறங்கி வந்து ஐவர் வரிசை. கிடைக்காவிட்டாலும் 0-0 என்று இருந்தால் இறங்கலாம், அப்போது அந்த வரிசைக்கு அர்த்தம் இருக்கிறது. பந்தை வைத்துக்கொண்டு வரவழைக்கும் ஆட்டம் கடைசி அரை மணிக்கு.

இன்ஸாகி இப்படிச் செய்வாரா என்றால், மாட்டார் என்றே படுகிறது. லீகைக் கோட்டைவிட்ட வாரத்தில், பி.எஸ்.ஜி.யின் வேகத்தைக் காணொளியில் பார்த்துவிட்டு, எந்தப் பயிற்சியாளருக்கும் முதலில் தோன்றுவது “முதலில் தாங்குவோம்” என்பதுதான். அப்படிப் போனால் பி.எஸ்.ஜி. எளிதாக வெல்லும். ஏறிப்போனாலும் அவர்களுக்குத்தான் வாய்ப்பு கொஞ்சம் கூடுதல், ஆனால் ஆட்டம் ஆட்டமாக இருக்கும்.

சகுனம் பார்ப்பவர்களுக்கு: ம்யூனிக்கில் இதற்கு முன் நான்கு இறுதி ஆட்டங்கள் நடந்திருக்கின்றன. 1979-இல் நாட்டிங்கம் ஃபாரஸ்ட், 1993-இல் மார்சேய், 1997-இல் டார்ட்முண்ட், 2012-இல் செல்ஸி. நான்கும் அந்தந்த அணியின் முதல் கோப்பை. அதிலும் 1993-இல் மார்சேய் வீழ்த்தியது ஏ.சி. மிலானை, கோல் வந்தது கார்னரிலிருந்து. இந்த 2025 இறுதி ஆட்டத்துக்கு முன் வரை பிரான்ஸிலிருந்து இந்தக் கோப்பையைத் தூக்கிய ஒரே அணி அதுதான். எனக்கு இதில் நம்பிக்கை இல்லை, ரசனை உண்டு.

தூக்கத்தை விட்டு உட்காருகிறவர்கள் டொன்னாரும்மா எடுக்கும் முதல் கோல் கிக்கின்போது மற்றதை விட்டுவிட்டு லவுட்டாரோவும் துராமும் எங்கே நிற்கிறார்கள் என்று மட்டும் பாருங்கள். பெட்டியின் விளிம்பில் நின்றால் இன்ஸாகி துணிந்துவிட்டார். நடு வட்டத்துக்குப் பக்கத்தில் நின்றால் தேநீர் போட எழுந்திருக்காதீர்கள், அதற்குள் கோல் விழுந்துவிடும்.